சாகாத எலி: கிழக்குக் கரையின் ஒரு காய்ச்சல் வரலாறு

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையிலான நமது கரையோர ஊர்களுக்கு இரண்டு முகங்கள். கிழக்கே கடல், மேற்கே வட்டை. கடல்முகத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் மருதமுனையும் சாய்ந்தமருதும் உலகப் பத்திரிகைகளிலேயே இடம்பிடித்தன. வட்டை முகத்தைப் பற்றி எழுதியோர் போடியாரையும் முல்லைக்காரனையும் வட்டவிதானையையும் எழுதினார்கள். கல்லோயாத் திட்டத்தையும் காணிப் பிணக்குகளையும் எழுதினார்கள். ஆனால் அந்த வட்டையின் வரம்புகளுக்குள், காணி உறுதி எதுவுமின்றித் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வரும் எலியை ஒரு வரலாற்றுப் பாத்திரமாக எவரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நெல்லைத் தின்னும் பிராணி என்ற அளவில் அதன் கதை முடிந்துவிடுகிறது.

நெல்லைத் தின்பது அதன் குற்றங்களில் சிறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எலி என்றால் எந்த எலி என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக் கூரையில் ஓடுவது ஒன்று. வரம்பைக் குடைந்து வளை தோண்டுவது வேறொன்று. அதற்கும் மேலே, பூனையே எட்ட நின்று யோசிக்கும் பருமனில் பெருச்சாளி உண்டு. ஆங்கிலேயர் இதற்கு வைத்த 'பெண்டிகூட்' என்ற பெயர் தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து வந்தது. பன்றி எலி என்பது பொருள். விலங்கியலாளர் வரம்பெலியையும் பெருச்சாளியையும் ஒரே பேரினத்தில் சேர்க்கின்றனர். வரட்சி வலயத்து மேட்டுநிலங்களில் வெள்ளெலியும், வயலோரங்களில் சுண்டுவிரல் அளவான வயற்சுண்டெலியும் வாழ்கின்றன. இவற்றுள் வரம்பெலி கெட்டிக்காரப் பிராணி. கதிர் முற்றும் காலத்தில் அதன் வளையைக் கிண்டிப் பார்த்தால் உள்ளே கதிர்கள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் இருளர் சமூகத்தார் அந்த வளை நெல்லைத் தோண்டியெடுத்து உணவாக்கி வந்தனர். நமது பகுதியில் அது எலிக்கே விடப்படும்.

நோயைத் தன்னுள் வைத்திருந்து பிறருக்கு வழங்கும் விலங்கை ஆங்கில மருத்துவ நூல்கள் 'ரிசர்வோயர்' என்கின்றன. இச்சொல்லுக்கு நேர்ப்பொருள் நீர்த்தேக்கம். குளத்தை நம்பி வயல் செய்யும் நமக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் வற்றலாம், வயல் காயலாம். குளத்தில் நீர் கிடந்தால் அடுத்த போகத்துக்கு மீண்டும் பாயும். நோயும் அவ்வாறே. மனிதரிடையே அது இல்லாமற் போன காலங்களிலும் எங்கோ ஒரு வளைக்குள் தேங்கிக் கிடக்கிறது.

ஆனால் எலி வைத்திருக்கும் நோய்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. எலியையும் கொன்று மனிதனையும் கொல்வன சில. எலிக்கு ஒரு தீங்கும் செய்யாமல் மனிதனை மட்டும் வீழ்த்துவன சில. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயிரம் ஆண்டு வரலாறு இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

முதல் வகைக்குப் பெயர்போனது கொள்ளைநோய், அதாவது பிளேக். நமது கிதாபுகளில் அது 'தாஊன்'. ஹிஜ்ரி 18இல், கி.பி. 639இல், பலஸ்தீனத்தின் அம்வாஸில் பரவிய தாஊனில் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்கள் இறந்தார்கள். ஷாமுக்குப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் செய்தியறிந்து, ஆலோசனை கேட்டு, திரும்பிவிட்டார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர், அவ்வூரில் இருந்தால் வெளியேறாதீர் என்ற நபிமொழி அங்கேதான் எடுத்துரைக்கப்பட்டது. இதனை நாம் 2020இல் போதியளவு நினைவுகூர்ந்தாயிற்று. எலியைப் பற்றிய நபிமொழிகள் வேறு. இஹ்ராம் அணிந்த நிலையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தனுள் எலியும் ஒன்று. இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறும் விளக்கை அணைத்துவிடுமாறும் ஏவப்பட்டுள்ளது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடும் என்பது அங்கு சொல்லப்பட்ட காரணம். இந்த நபிமொழிகளில் நோயியல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று இன்று மேடையில் முழங்குவோர் உளர். அத்தகைய முழக்கம் நபிமொழிக்கும் நோயியலுக்கும் ஒருசேர அநீதி செய்வதாகவே எனக்குப் படுகிறது.

எலிக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள உறவை நெருங்கித் தொட்டவர் இப்னு ஸீனா. கொள்ளைநோய் வருவதற்கு முன்னோடியாக எலிகளும் நிலத்தின் கீழ் வாழும் பிராணிகளும் மேலே வந்துவிடும் என்று 'அல்கானூன்' நூலில் அவர் குறித்திருக்கிறார். காற்று கெடுவதால் இவ்வாறு நிகழ்கிறது என்பது அவர் கொண்ட விளக்கம். விளக்கம் பிழை, அவதானம் சரி. 14ஆம் நூற்றாண்டில் கிரனாடாவின் இப்னுல் கதீப், நோய் தொற்றுவது கண்கூடு என்று துணிந்து வாதிட்டார். இப்னு ஹஜர் அல்அஸ்கலானி தம் பெண்மக்கள் மூவரை இதே நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, தாஊன் பற்றி ஒரு முழு நூலையே எழுதினார். அலெப்போவில் இந்நோயைப் பற்றி எழுதிய இப்னுல் வர்தி 1349இல் அதற்கே இரையானார்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1344இல் இலங்கை வந்து பாவாத மலை ஏறிச்சென்ற இப்னு பதூதா, அடுத்து மஃபர் கரைக்குப் போனார். மதுரையில் அப்போது சுல்தான்களின் ஆட்சி. அங்கே ஒரு கொள்ளைநோய் பரவியிருந்ததையும், நோய் கண்டவர் இரண்டாம் மூன்றாம் நாளில் மௌத்தாவதையும் அவர் எழுதியிருக்கிறார். சுல்தானின் குடும்பமும் அதற்குத் தப்பவில்லை. நான்கு ஆண்டுகளின் பின்னர் 1348இல் அவர் திமஷ்கில் நிற்கிறார். அங்கே முஸ்லிம்களும் யூதரும் கிறிஸ்தவரும் நோன்பிருந்து, தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாக நடந்துபோகும் காட்சியைக் காண்கிறார். திமஷ்கில் பரவியது கொள்ளைநோய் என்பதில் ஐயமில்லை. மதுரையில் அவர் கண்டதும் அதுதானா என்பதை அவரது குறிப்பைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. இரண்டையும் இணைத்துப் பெருங்கதை கட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கிருமி அகப்பட்டது 1894இல் ஹொங்கொங்கில். அதைக் கண்டவர் அலெக்சாண்டர் யெர்சின். இரண்டு ஆண்டுகளில் நோய் பம்பாய்க்கு வந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு அதைக் கடத்துவது எலித்தெள்ளு என்பதை 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சீமொன் பரிசோதித்துக் காட்டினார். நோயுற்ற எலியையும் சுகமான எலியையும் ஒன்றையொன்று தொடமுடியாதபடி கம்பித் தடுப்பிட்டு வைத்தார். தெள்ளு மட்டுமே பாயக்கூடிய இடைவெளி. சுகமான எலியும் செத்தது. அன்றைய மருத்துவ உலகம் இதைக் கேட்டுச் சிரித்தது. ஒப்புக்கொள்ளப் பத்து ஆண்டுகள் வரை எடுத்தது.

அந்தப் பத்து ஆண்டுகளில் எலியைத் தேடாமல் ஆட்களைத் தேடினார்கள். பம்பாயிலும் பூனாவிலும் வீடுவீடாகப் புகுந்து நோயாளரை இழுத்துச் சென்றனர். 1898 மார்ச்சில் பம்பாயின் ஜுலாஹாக்கள், அதாவது முஸ்லிம் நெசவாளர், நோயுற்ற ஒரு சிறுமியை வெளியே கொண்டுவர விடமாட்டோம் என மறித்து நின்றதில் கலவரம் மூண்டது. மருதமுனைத் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருவைக் கற்பனை செய்வது கடினமாக இராது.

இலங்கை அரசும் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளரை முதலில் தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் நாட்கணக்கில் தடுத்துவைத்தார்கள். குளிக்கச் செய்து, உடுதுணியைக் கிருமிநீக்கி, பிறகே கப்பலேற்றினர். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வரை ரயில் ஓடியபின் மண்டபமே இலங்கையின் வாசற்படியாயிற்று. வாசலில் இத்தனை காவல். ஆனால் பாலம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே, 1914 ஜனவரியில், கொள்ளைநோய் கொழும்பில் வெளிப்பட்டுவிட்டது. கூலிகள் வந்த பாதையால் அது வரவில்லை. துறைமுகத்தால் வந்தது. புறக்கோட்டைப் பக்கத்து அரிசிக் களஞ்சியங்களின் எலிகளிடையே வேர்பிடித்தது.

கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராக இருந்த எல். ஃபேபியன் ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் இந்த இடத்தில் நமது கதைக்குள் வருகிறார். பிறர் எலிகளை எண்ணிக்கொண்டிருக்க இவர் எலிகளின் தெள்ளுகளை எண்ணினார். உருப்பெருக்கியின் கீழ் அவற்றை வகைபிரித்தபோது, ஒன்றென நினைத்திருந்த எலித்தெள்ளு உண்மையில் இரண்டு இனங்கள் என்பது புலப்பட்டது. 'கியோப்பிஸ்' என்ற இனம் கொள்ளைநோயைத் திறமையாகக் கடத்தும். எகிப்தின் பிரமிடுக்கு உரிய மன்னரின் பெயரே அதற்கு. 'அஸ்தியா' என்ற மற்றது அக்காரியத்தில் மந்தமானது. கொழும்பின் தானியக் களஞ்சியப் பகுதியில் கியோப்பிஸ் குடியேறியிருந்தது. ஏனைய இடங்களில் அஸ்தியாவே மிகுதி. சென்னையிலும் அஸ்தியாதான். பம்பாய் பல இலட்சம் உயிர்களை இழந்தபோது சென்னையும் இலங்கையின் பெரும்பகுதியும் ஏன் தப்பின என்ற கேள்விக்கு, ஹேர்ஸ்ட் கண்ட விடை இந்தத் தெள்ளுதான். 1953இல் ஒக்ஸ்ஃபோர்டில் வெளியான அவரது பெருநூல் இன்றும் துறைசார்ந்தோர் எடுத்துப் பார்க்கும் ஒன்று. கொழும்பில் கொள்ளைநோய் 1930களின் பிற்பகுதி வரை விட்டுவிட்டு நீடித்து, பின்னர் ஓய்ந்தது.

நமது கரைக்கு அது ஒரு பேரழிவாக வரவில்லை. எல்லையில் நிறுத்தப்பட்ட தோட்டத் தொழிலாளியின் புண்ணியத்தால் அல்ல, பெயர்கூட அறியாத ஒரு தெள்ளின் மந்தத்தனத்தால்.

நோய் வந்ததும் அதன் மூலத்தைத் தேடுவதை விட்டு ஒரு மனிதக் கூட்டத்தைத் தேடுவது பழைய பழக்கம். அது இறந்த காலத்தோடு போய்விடவில்லை என்பதை நம் தலைமுறையே கண்டது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியின் மூலம் கொவிட் மரணங்கள் அனைத்துக்கும் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே நோய் பரவும் என்றார்கள். அதற்குச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலோ அடக்கத்தை அனுமதித்தது. 2021 பெப்ரவரி 25இல் அவ்விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும் வரை, பத்து மாதங்களுக்கு மேல் நமது மையித்துகள் எரிந்தன. 2024இல் அரசு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இதை இங்கே இழுத்துவருவது எதற்கு என வாசகர் கேட்கலாம். நீர் வழியே உண்மையாகவே பரவும் ஒரு நோய் நமது வயல்களில் இருக்கிறது. அதைப் பற்றி அந்தப் பத்து மாதத்தில் எவரும் வாய்திறக்கவில்லை.

அதற்கு வருமுன் ஒட்டுண்ணி என்ற சொல்லின் கண்டிப்பான பொருளுக்குரிய ஒரு நோயைச் சொல்லிவிட வேண்டும். 1903இல் லண்டனில் வில்லியம் லீஷ்மன் ஒரு செய்தியை வெளியிட்டார். வங்காளத்தில் காய்ச்சலுற்றுத் தாயகம் திரும்பி இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் அவர் கண்ட நுண்ணுடல்கள் பற்றியது அது. அதே ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்ல்ஸ் டொனவன் என்ற மருத்துவர், ஜூலை 17இல், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்தே அவற்றை எடுத்துக் காட்டினார். ரொனால்ட் ரொஸ் இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு 'லீஷ்மேனியா டொனவனி' எனப் பெயரிட்டார். மணல் ஈயின் கடியால் பரவும் இந்த ஒட்டுண்ணிக் குடும்பம் ஓரிடத்தில் உள்ளுறுப்புகளைத் தின்னும். மற்றோரிடத்தில் தோலில் ஆறாப் புண்ணாக நிற்கும். அலெப்போப் புண், பக்தாத் புண் என்றெல்லாம் ஊர்ப்பெயரோடு வழங்கியது அதுவே. முகத்தில் வடு விழுந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பக்தாதில் குழந்தைகளின் மறைவான இடத்தில் வேண்டுமென்றே அந்தப் புண்ணை ஏற்றிவிடும் வழக்கமும் இருந்தது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

மத்திய ஆசியப் பாலைகளில் இதன் தேக்கம் வளைவாழ் காட்டெலிகள்தாம் என்பதை 1930களிலும் 40களிலும் சோவியத் ஆய்வாளர்கள் நிறுவினர். உஸ்பெக், துருக்மென் நிலங்களில் எலி வளைகளை உழுது அழித்து நோயைக் குறைத்தார்கள். ராஜஸ்தானின் பீக்கானேரிலும் பாலைவன எலியிடம் இந்த ஒட்டுண்ணி உண்டு. சவூதி அரேபியாவின் அல்அஹ்ஸாவில் உவர்ச்செடி தின்னும் கொழுத்த மணலெலி அதே வேலையைச் செய்கிறது. அல்அஹ்ஸா, தம்மாம் என்ற பெயர்கள் நமது ஊர்களில் அந்நியமானவை அல்ல. எத்தனையோ வீடுகளின் கூரை அங்கிருந்து வந்த பணத்தில் போட்டது. இலங்கையில் முன்பு அறியப்பட்ட தோற்புண் நோயாளிகள் மத்திய கிழக்கில் வேலைசெய்து திரும்பியவர்களே. வெளிநாடே போகாத ஒருவருக்கு அது கண்டறியப்பட்டது 1992இல். இங்குள்ளது பாலைவன இனமல்ல, சென்னையில் டொனவன் கண்ட இனத்தின் ஒரு வகை. இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டைப் பக்கங்களில் அதிகம். 2018இல் நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கண்டது. இலங்கையில் இதன் தேக்கம் நாயா எலியா மனிதன்தானா என்ற ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆகவே வெள்ளெலியின் மீது இப்போதைக்குக் குற்றம் சுமத்த வேண்டாம்.

இனி வட்டைக்கு வருவோம்.

1907இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் மஞ்சட் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டில் ஸ்டிம்சன் என்பவர் முறுக்கிய நூல்போன்ற கிருமிகளைக் கண்டார். நுனி வளைந்து கேள்விக்குறி போலத் தோன்றியதால் லத்தீனில் 'கேள்வி கேட்பது' எனப் பொருள்படும் 'இன்டரொகன்ஸ்' என்று பெயரிட்டார். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது ஜப்பானில். கியூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பரவிய மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த இனாதா, இதோ என்போர் 1915 அளவில் இக்கிருமியைப் பிரித்தெடுத்தனர். எலி இதனைச் சிறுநீரகத்தில் சுமந்து திரிவதையும் ஜப்பானியரே காட்டினர். ஜப்பானின் நெற்கிராமங்களில் அறுவடைக் காலத்துக் காய்ச்சலுக்கு 'இலையுதிர்கால நோய்' என்று முன்பே பெயரிருந்தது. நெல் எங்கேயோ இக்காய்ச்சல் அங்கே.

லெப்டோஸ்பைரா ஒரு பக்டீரியா. கண்டிப்பான அர்த்தத்தில் ஒட்டுண்ணி அல்ல. ஆனால் எலியின் சிறுநீரகத்தில் அது வாழும் விதம் எந்த ஒட்டுண்ணியும் பொறாமைப்படத் தக்கது. எலிக்குக் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை. தன் ஆயுள் முழுவதும் அது ஓடும், தின்னும், குட்டி போடும்; ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் கிருமியைச் சேற்றில் விட்டுச் செல்லும். இப்னு ஸீனா கண்ட எலி வெளியே வந்து, செத்து, எச்சரித்தது. இந்த எலி சாவதில்லை. எச்சரிக்கையும் இல்லை.

சேற்றிலும் தேங்கிய நன்னீரிலும் கிருமி வாரக்கணக்கில் உயிர்வாழும். உப்பும் வெயிலும் அதற்கு ஆகாது. மாடும் எருமையும்கூட இதைச் சுமப்பதுண்டு. தண்ணீரில் ஊறிய கால்தோல், வரம்பில் கிழித்த கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியே உள்ளே போகிறது. ஒன்று இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, நடக்கவிடாத கெண்டைக்கால் உளைவு, சிவந்த கண். பலருக்கு இதோடு நின்றுவிடும். சிலருக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கும். அதன்பின் நாட்களைக் கணக்கிட நேரமிராது.

நமது நாட்டு மருத்துவத்தில் 'செங்கண்மாரி' என்ற பழைய சொல் ஒன்றுண்டு. இன்று அதை மஞ்சட்காமாலைக்கு வழங்குகிறோம். சிவந்த கண்ணும் மஞ்சள் நிறமும் ஒன்றாக வரும் நோய் இதுதான் என்பதால், பரிசாரிமாரிடம் வந்த செங்கண்மாரிகளுள் ஒரு பங்கு எலிக்காய்ச்சலாக இருந்திருக்கக் கூடும் என்பது என் ஊகம். சொல்லின் மூலம் வேறாகவும் இருக்கலாம். ஊகத்தை ஊகமாகவே வாசகர் கொள்க.

இலங்கையில் லெப்டோஸ்பைரோசிஸ் அறியப்பட்டது 1950களில்தான். நித்தியானந்தாவும் ஹார்வியும் இலங்கை வகைகளைப் பற்றி 1971இல் விரிவாக எழுதினர். அக்கிருமியின் ஒரு வகைக்கு நம் நாட்டின் பெயராலேயே 'செய்லோனிக்கா' என்ற பெயரும் உண்டு. 1991இல் அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. ஏன் இவ்வளவு தாமதம்? மலேரியாவின் நிழல் அவ்வளவு பெரியது என்பேன். 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியா இருந்த நாட்டில் வரட்சி வலயத்துக் காய்ச்சல் எதுவாயினும் மலேரியாதான். குயினைன் கொடு, பிறகு குளோரோகுயின் கொடு. பிழைத்தால் மலேரியா, செத்தாலும் மலேரியா. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபெற்றது. பெரிய மரம் விழுந்ததும் அதன் கீழ் நின்ற செடிகள் தெரியவந்தன. ஆனால் அதற்குள் டெங்கு வேறொரு பெரிய மரமாகி நின்றது.

2008இல் நாடு அதிர்ந்தது. அவ்வாண்டில் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் 7,423 பேர், மரணங்கள் 204. கேகாலை, மாத்தளை, கம்பஹா போன்ற மாவட்டங்களே அதிகம் அடிபட்டன. 'மீ உண' என்ற சிங்களப் பெயரிலேயே செய்திகள் வந்தன. அதனாலோ என்னவோ, இது ஈரவலயத்துச் சிங்கள ஊர்களின் நோய், நமக்கில்லை என்ற எண்ணம் நம்மிடையே படிந்துவிட்டது. எண்ணிக்கையில் அம்பாறைக் கரை அவ்வட்டாரங்களுக்கு நிகரில்லை என்பது உண்மை. ஆனால் 2011 ஜனவரியில் கிழக்கையும் வடமத்தியையும் வெள்ளம் மூடியபின் வரண்ட அனுராதபுரத்திலேயே நோய் வெடித்தது. 2024 நவம்பர் வெள்ளத்தில் நமது வட்டைகளும் கடலாயின. டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் 'மர்மக் காய்ச்சல்' என்று பத்திரிகைகள் எழுதின. சில வாரங்களுள் ஏழு பேருக்குக் குறையாமல் இறந்தபின், மர்மத்தின் பெயர் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. குளமும் ஆறும் மிகுந்த ஊர் யாழ்ப்பாணம் அல்ல. அங்கேயே வருமென்றால் சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டும் வேலை 1949இல் தொடங்கியது. கல்லோயாவின் அரசியல் நன்மை தீமைகளைப் பிறர் எழுதியிருக்கிறார்கள். எலியின் கோணத்தில் அது முழு நன்மை. மழையை நம்பி ஒரு போகம் விளைந்த நிலத்தில் எலிக்கு ஆண்டில் பாதி பஞ்சம். வாய்க்கால் நீர் வந்து பெரும்போகமும் சிறுபோகமும் மாறிமாறி விளையத் தொடங்கிய நிலத்தில் உணவும் உண்டு, ஈரமான வரம்பும் உண்டு, பஞ்சமில்லை. நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டினோம், இன்னொன்றும் பெருகியது.

இந்தச் சேற்றில் நிற்பது யார் என்பதில்தான் எனக்குக் கவலை. காணி போடியாருடையது. அவர் வரம்பில் வருவார், குடை பிடித்திருப்பார். நீருக்குள் நிற்பவர் வேறு. முன்பு எருமையோடு சேறு மிதித்தவர், உப்பட்டி சுமந்தவர், களத்தில் சூடு அடித்து நெல் காத்து வாடியில் படுத்தவர் எல்லோரும் அன்றாடக் கூலிக்கு வந்தவர்கள். ட்ரக்டரும் வெட்டு இயந்திரமும் வந்தபின் நாட்கள் குறைந்துள்ளன. இக்காய்ச்சலைப் பொறுத்தவரை இயந்திரம் ஒரு வரமே. ஆயினும் வரம்பு கட்டுதல், வாய்க்கால் துப்புரவு, புல் பிடுங்குதல், மருந்தடித்தல் இன்றும் வெறுங்காலில்தான். 'சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குங்கள்' என்று துண்டுப்பிரசுரம் அச்சிடுவோர் ஒருதரம் முழங்கால் சேற்றில் இறப்பர்ச் சப்பாத்தோடு பத்தடி நடந்து பார்க்கட்டும். சப்பாத்து சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும்.

நடைமுறையில் உதவுவது மாத்திரைதான். 1982இல் பனாமாக் காட்டில் பயிற்சிபெற்ற 940 அமெரிக்கச் சிப்பாய்களில் ஒரு பாதியினருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்ளினும் மறுபாதியினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை உண்டவரில் இருபது பேருக்கும் டொக்ஸிசைக்ளின் உண்டவரில் ஒருவருக்கும் நோய் வந்தது. அந்தப் பரிசோதனையின் பயனே இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் விவசாயிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை. அது முழுக் கவசமல்ல. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எடுக்கக் கூடாது. வெறுவயிற்றில் எடுத்தால் குமட்டும். குமட்டுகிறது என்று முதல் வாரத்தோடு நிறுத்துவோரே அதிகம் எனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் குறைப்படுவதில் நியாயமுண்டு. நோயில்லாதவன் மாத்திரை விழுங்குவதில்லை என்பது நமது பழக்கம். ஜும்ஆவுக்குப் பின்னர் ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்கினால் எந்தப் பள்ளிவாசலின் மதிப்பும் குறையாது. விவசாய அமைப்புகள் உரமானியக் கூட்டத்தில் மாத்திரையையும் ஒரு விடயமாக எடுக்கலாம்.

பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் முதல் மழையோடு உழவு தொடங்கும். வெள்ளத்தில் வளைகள் நிரம்பியதும் எலிகள் மேட்டு வரம்புக்கும் வாடிக்கும் ஏறும். பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு முடிந்து வட்டை காயும்போது ஒரு பகுதி நெல் மூட்டைகளின் பின்னாலேயே ஊருக்குள் வந்துவிடும். இந்த மாதங்களில் கெண்டைக்கால் உளைவோடு காய்ச்சல் வந்தால் பனடோலை விழுங்கிவிட்டு நாலு நாள் படுத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் தொழில் என்ன என்று கேட்பார்கள். நம்மவர் பெரும்பாலும் 'கூலி' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கொத்து வேலையும் கூலி, மூட்டை தூக்குவதும் கூலி. இரண்டு கிழமைக்கு முன்னர் எந்த வட்டையில், எத்தனை நாள் தண்ணிக்குள் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வைத்தியர் டெங்குப் பரிசோதனையோடு நிற்காமல் எலிக்காய்ச்சலுக்கும் இரத்தம் எடுப்பார். முடிவு வருமுன்னரே பெனிசிலினோ டொக்ஸிசைக்ளினோ தொடங்கிவிடலாம்.